அன்சார்ட்டட் ஐந்தையும் மறுபடி ஆடுவது எப்படி

அன்சார்ட்டட் என்ற புதையல் தேடும் வீடியோ கேம் வரிசையின் முதல் பாகம் 2007இல் வந்தது, ஐந்தாவது 2017இல். பத்து வருஷத்தில் ஒரே நிறுவனம், நாட்டி டாக், சண்டைக் களத்தை எப்படியெல்லாம் மாற்றிக் கட்டியது என்பதைப் பார்க்க இதைவிடத் தோதான தொடர் குறைவு. ஆனால் பலர் நான்காம் பாகத்தில் தொடங்கிவிட்டு முதல் பாகத்துக்குப் போகிறார்கள். நான்காம் பாகத்தின் கயிறும் புல்லுக்குள் பதுங்கலும் பழகிய கைக்கு முதல் பாகம் முரடாகத் தெரியும்; இரண்டு மணி நேரத்தில் மூடி வைத்துவிடுவார்கள். அதனால் வெளிவந்த வரிசையிலேயே ஆடுங்கள். ஐந்திலும் ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: எதிரி என்னைப் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு நான் என்ன செய்ய முடியும்?

வாங்க வேண்டியது இரண்டு தொகுப்புதான். முதல் மூன்று பாகங்களும் 2015இல் வந்த 'நேதன் டிரேக் கலெக்‌ஷன்' பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) டிஸ்க்கில் இருக்கின்றன. ப்ளூபாயிண்ட் நிறுவனம் அவற்றை நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மாற்றியது. இது பிஎஸ்5இலும் ஓடும், ஆனால் டிஸ்க் டிரைவ் இல்லாத பிஎஸ்5 வைத்திருப்பவர் பழைய டிஸ்க் வாங்கினால் காசு வீண். கடைசி இரண்டும் 2022இல் வந்த 'லெகஸி ஆஃப் தீவ்ஸ்' தொகுப்பில். இது கணினியிலும் உண்டு. 126 ஜிபி காலி இடம் வேண்டும். முதல் மூன்று கணினிக்கு வரவில்லை.

கரண்ட் விஷயத்தை நம் சேலத்துக்காரர்கள் முதலிலேயே முடித்துவிட வேண்டும். பிஎஸ்5 விளையாடும்போது சுமார் 200 வாட் இழுக்கும்; டிவியும் சேர்ந்தால் 300க்குப் பக்கத்தில் போகும். 600 விஏ யுபிஎஸ் அதற்குத் திணறும். 1000 விஏ இருந்தால் ஆட்டம் தானாகப் பதிவாகும் அடுத்த இடம் (செக்பாயிண்ட்) வரை ஓடி ஒழுங்காக அணைக்க நேரம் கிடைக்கும். திரையின் ஓரத்தில் சேவ் குறி சுழலும்போது கரண்ட் போனால் சேவ் கெட்டுப்போக வாய்ப்புண்டு. ஆடி முடித்ததும் ரெஸ்ட் மோடில் (அரைத் தூக்க நிலையில்) விடாமல் முழுசாக அணையுங்கள். ஏற்காட்டில் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி இறங்கும்; அப்போது பிளக்கோடு நெட் கேபிளையும் கழற்றி வைக்க வேண்டும். குளிரில் கிடந்த கன்சோலை மலையிலிருந்து சேலத்துக்கு இறக்கினால் உள்ளே ஈரம் படியும். ஒரு மணி நேரமாவது கழித்து ஆன் செய்யுங்கள்.

முதல் பாகத்தில் மேலே சொன்ன கேள்விக்குப் பதில்: ஒன்றும் செய்ய முடியாது. பார்த்துவிட்டால் கடைசி ஆள் விழும்வரை சுட வேண்டியதுதான். ஒரு கூட்டம் முடிந்தால் அடுத்த கூட்டம் வரும். முதல் தடவையே 'க்ரஷிங்' என்ற கடினமான நிலையை வைக்காதீர்கள், நார்மல் போதும். தோட்டா தீர்வதுதான் இங்கே பெரிய தொல்லை. அதற்கு வழி விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது: எதிரியின் பக்கத்தில் போய் சதுரம், முக்கோணம், சதுரம் பொத்தான்களை நிதானமாக அழுத்துங்கள். அந்த அடியில் விழுகிறவன் கூடுதல் தோட்டா போட்டுவிட்டுப் போவான். படபடவென்று அழுத்தினால் இந்த அடி விழாது. ஒவ்வொரு அடியும் பட்ட பிறகே அடுத்த பொத்தான். ஆற்றில் ஜெட் ஸ்கீயில் எதிர்நீச்சலாகப் போகும் பகுதியில் பலர் திரும்பத் திரும்பச் சாவது ஓட்டிக்கொண்டே சுட நினைப்பதால்தான். நிறுத்துங்கள், மிதந்து வரும் பீப்பாயைத் தூரத்திலேயே சுடுங்கள், பிறகு நகருங்கள்.

இரண்டாம் பாகத்தில் (2009) நின்று பார்க்க வேண்டியது 13ஆம் அத்தியாயம், ரயில். ரயில் நிற்க, பின்னால் படம் ஓடும் ஏமாற்று வேலை இல்லை. பெட்டிகள் நிஜமாகவே நகர்கின்றன, காடு பனிமலையாக மாறுகிறது. பெட்டியின் பக்கவாட்டில் தொங்கும்போது எதிரே வரும் சிக்னல் கம்பங்கள் அடித்துத் தள்ளும், எதிரியைவிட அவற்றையே கவனியுங்கள். பதுங்கிப் போய்ப் பின்னாலிருந்து வீழ்த்துவது இந்தப் பாகத்தில்தான் உருப்படியாகிறது. ஆனாலும் ஒருவன் கண்ணில் பட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். திரும்ப ஒளிய முடியாது. வரிசையிலேயே சிறந்த வேகம் இதற்குத்தான்.

மூன்றாம் பாகத்தில் (2011) கைச்சண்டை பெருகியது, கப்பலில் தரையே ஆடும். காட்சிகள் பிரமாதம், களங்கள் அவ்வளவு இல்லை. குறி வைப்பது சரியில்லை என்று அன்றைக்கு எழுந்த புகாருக்குப் பின்னால் அதைச் சரிசெய்யும் பேட்ச் வந்தது. தொகுப்பில் அந்தத் தொல்லை இல்லை.

பதில் அடியோடு மாறுவது நான்காம் பாகத்தில் (2016). எதிரியின் தலைக்கு மேல் குறி வரும்: வெள்ளை என்றால் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது, மஞ்சள் என்றால் தேடி வருகிறான், ஆரஞ்சு என்றால் பார்த்துவிட்டான். ஆரஞ்சு வந்த பிறகும் ஆட்டம் முடியவில்லை. கயிற்றில் தாவிச் சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கினால், கடைசியாக உங்களைப் பார்த்த இடத்தில் தேடிவிட்டு ஓய்வார்கள். மறுபடி புல்லுக்குள் போகலாம். பழைய பழக்கத்தில் ஒரே மறைவில் குந்திச் சுடுகிறவர்களை எதிரிகள் குண்டு வீசி வெளியே துரத்துவார்கள். மடகாஸ்கர் ஜீப்பில் ஆக்ஸிலேட்டரை முழுசாக அழுத்தினாலும் சேற்று மேட்டில் வண்டி வழுக்கி இறங்கும். சேற்றுக்கு நடுவே பாறை தெரியும் இடமாகப் பார்த்து, சக்கரத்தை அதன் மேல் வைத்து வளைந்து ஏறுங்கள். கதை முடிந்ததும் சண்டைகளை மட்டும் தனியாகத் தேர்ந்து ஆட வழி உண்டு. பதுங்கியே ஒரு தடவை, சுட்டே ஒரு தடவை என்று பழகிப் பாருங்கள்.

'தி லாஸ்ட் லெகஸி' (2017) நடப்பது மேற்குத் தொடர்ச்சி மலையில். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி என்பதால் நம் மலையைத் தேட வேண்டாம். விளையாட்டு காட்டுவது ஹொய்சளர் கட்டடங்களை. கர்நாடகத்தில் அவர்கள் கட்டிய பேலூர், ஹளேபீடு கோயில்கள் நிஜத்தில் மாக்கல்லில் செதுக்கியவை. மென்மையான கல் என்பதால் நகை வேலை போன்ற நுணுக்கம் வந்தது. சேலத்துக்குப் பக்கத்துத் தாரமங்கலம் கோயிலின் கருங்கல் வேலையைப் பார்த்த கண்ணுக்கு வித்தியாசம் சட்டென்று பிடிபடும். நான்காம் அத்தியாயம் திறந்தவெளி: திரிசூலம், வில், கோடாரி என மூன்று கோட்டைகள், எந்த வரிசையிலும் போகலாம். கோட்டைகளுக்குள் அவசரமாக நுழையாமல், முதலில் ஹொய்சளக் காசுகள் 11ஐயும் தேடுங்கள். எல்லாம் சேர்ந்தால் ஒரு கைவளை கிடைக்கும். புதையல் பக்கத்தில் வந்தால் அது அதிர்ந்து காட்டும். அத்தியாயத்தைத் தாண்டிவிட்டால் கதை முன்னே போய்விடும். விட்ட காசை எடுக்க அத்தியாயத் தேர்வு வழியாகத்தான் திரும்ப வர வேண்டும்.