விஷவாயுச் செய்தியைப் படித்த பிறகு என்ன செய்யலாம்

"விஷவாயு தாக்கி இரண்டு பேர் பலி" என்ற செய்தி நம் நாளிதழ்களில் ஊரும் பெயரும் மாறி வந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலும் உள்பக்கத்தில் நாலு பத்தி. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கி இறந்தவர்களைப் பற்றி மத்திய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளில், 1993 முதல் எண்ணினால் தமிழ்நாடுதான் முதலிடம். படிக்கிறவருக்கு முதலில் வயிற்றைப் பிசையும். அப்புறம் கோபம் வரும். கடைசியில் "நாம என்ன பண்ண முடியும்" என்ற அலுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

காஸாவில் இடிந்த வீடுகளின் படத்தைப் பார்த்தாலும் எனக்கு இதே வரிசைதான். ஆனால் அங்கே விழும் குண்டுக்கும் எனக்கும் நடுவே பல அரசாங்கங்கள் நிற்கின்றன. செப்டிக் டேங்க் அப்படியில்லை, என் வீட்டு கார் பார்க்கிங்குக்கு அடியில் இருக்கிறது. அதில் யார் இறங்குவது, யாரும் இறங்கக்கூடாது என்பதை முடிவு செய்கிறவர்களில் நானும் ஒருத்தி. கைக்கு எட்டாத அநியாயத்துக்கும் கைக்கு எட்டுகிற அநியாயத்துக்கும் ஒரே மாதிரி பெருமூச்சு விடுவதை நிறுத்துவதுதான் முதல் வேலை என்று நினைக்கிறேன்.

நான் சென்னைக்குத் தெற்கே, பாதாளச் சாக்கடை இன்னும் வராத ஒரு தெருவில், 18 வீடுகள் உள்ள அடுக்ககத்தின் அசோசியேஷன் செயலாளர். ரிட்டயர் ஆன பெண்மணி, நேரம் நிறைய இருக்கும் என்று தலையில் கட்டிவிட்டார்கள். கீழே இருப்பதெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவை. தனி வீட்டுக்காரர்களுக்கும் பொருந்தும்.

படித்த அன்று

இறந்தவரைத் தூக்கி வெளியே போடும் வீடியோ எப்படியும் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்து சேரும். அனுப்பாதீர்கள். அந்த மனிதரின் பிள்ளையும் ஏதோ ஒரு குரூப்பில் இருப்பான். பழைய வீடியோவை நேற்று நடந்ததாகச் சுற்றவிடுவதும் உண்டு, ஒரு காட்சியை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தாலே பல சமயம் தெரிந்துவிடும். இது விஷவாயுச் செய்திக்கு மட்டுமான எச்சரிக்கை இல்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியே குற்றம். கொதித்துப்போய்ப் பகிர்கிற நல்லவர்கள்தான் அதை அதிகம் செய்கிறார்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் இதையெல்லாம் படிக்காதீர்கள். அந்த நேரத்தில் எந்த ஆபீஸுக்கும் போன் போட முடியாது, தூக்கம் மட்டும்தான் போகும்.

செய்தியை இன்னொரு முறை படியுங்கள்

காலையில் பேனாவோடு உட்காருங்கள். வாயுவை விட்டுவிட்டு ஆட்களைத் தேடுங்கள். தொட்டி யாருடையது? வேலைக்குக் கூப்பிட்டது வீட்டுக்காரரா, ஓட்டல்காரரா, கான்ட்ராக்டரா? முதலில் இறங்கியவர் யார், அவரைக் காப்பாற்ற இறங்கியவர் யார்? வழக்கு எந்தப் பிரிவில்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பணியமர்த்தத் தடை விதிக்கும் சட்டம் 2013-இல் வந்தது. அதன் 7-ஆவது பிரிவு, உரிய கருவியும் பாதுகாப்பும் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவதைத் தடுக்கிறது. நேரடியாகக் கூப்பிட்டாலும் சரி, இன்னொருவர் மூலம் கூப்பிட்டாலும் சரி. முதல் முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடமுடியாத குற்றம். இறந்தவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர வேண்டும், 2015 திருத்தத்தில் அதற்கு வழி இருக்கிறது. வெறும் கவனக்குறைவால் மரணம் என்று, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவை மட்டும் போட்டிருந்தால், வழக்கு ஆரம்பத்திலேயே இளைத்துவிட்டது என்று அர்த்தம்.

இழப்பீட்டுத் தொகையையும் பாருங்கள். நீதிபதி சதாசிவம் தலைமை நீதிபதியாக இருந்தபோது, 2014 மார்ச்சில், உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு சாவுக்கும் 10 லட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் வந்த தீர்ப்பு அதை 30 லட்சமாக உயர்த்தியது. அதற்குப் பிறகு நடந்த சாவுக்கு "பத்து லட்சம் வழங்கப்பட்டது" என்று செய்தி வந்தால், மீதி இருபது எங்கே என்று கேட்க உங்களுக்கும் உரிமை இருக்கிறது.

உங்கள் தொட்டி

இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் உண்மையில் மனிதரை உள்ளே இறக்குவது இந்த இடம்தான்.

எந்தத் தொழிலாளியும் ஆசைப்பட்டு இறங்குவதில்லை. லாரியின் ஓஸ் தண்ணீரை உறிஞ்சிவிடும், அடியில் கல்லாக இறுகிய கசடை உறிஞ்சாது. ஆறேழு வருஷம் திறக்காத தொட்டியில் அது முழங்கால் உயரத்துக்கு நிற்கும். அதோடு நாப்கின், டயப்பர், துணி. ஓஸ் அடைத்துக்கொள்கிறது. வீட்டுக்காரர் மேலே நின்று, "முழுசா எடுத்துடுங்க, பாதியில விட்டுட்டுப் போனா காசு கிடையாது" என்கிறார். ஹெல்பர் பையன் சட்டையைக் கழற்றுகிறான். கசடைக் கிளறியதும் உள்ளே அடைந்து கிடந்த வாயு மேலே வருகிறது.

அந்த வாயுக்களில் முக்கியமானது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. அதைவிடப் பல மடங்கு ஏறினால் சில மூச்சுகளிலேயே நினைவு தப்பிவிடும். ஆகவே "வாடை போயிடுச்சு, இப்ப இறங்கலாம்" என்பதைவிட ஆபத்தான பேச்சு கிடையாது. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் வேண்டாம், உள்ளே மீத்தேனும் இருக்கும். முகத்தில் கட்டும் ஈரத்துண்டு எந்த வாயுவையும் நிறுத்தாது.

இதிலிருந்து செய்ய வேண்டியது தானாகவே தெரியும். இரண்டு அல்லது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தொட்டியை எடுத்துவிடுங்கள், நிரம்பி வழியும்வரை காத்திருக்காதீர்கள். எங்கள் அடுக்ககத்தில் தேதியை மோட்டார் ரூம் கதவின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறோம். செயலாளர் மாறினாலும் கதவு மாறாது. மூடிமேல் டைல்ஸ் ஒட்டி மறைத்திருந்தால் உடைத்து வெளியே கொண்டுவாருங்கள். அழகு கெடும்தான், ஆனால் தொட்டியின் எல்லா அறைக்கும் ஓஸ் போக வழி இருந்தால்தான் யாரும் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியிருக்காது. ஒவ்வொரு பாத்ரூமிலும் மூடி போட்ட குப்பைக் கூடை வேண்டும். மாத மீட்டிங்கில் நாப்கின் பற்றிப் பேச ஆண்கள் நெளிவார்கள். நெளியட்டும், நான் பேசுவேன்.

லாரிக்காரரோடு பேசுவது தனிக் கலை. தமிழ்நாட்டில் கழிவுநீர் லாரிகள் உள்ளாட்சியில் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். 14420 என்ற உதவி எண் இதற்கென்றே இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். லாரி வந்ததும் மூடியைத் திறப்பதற்கு முன்னால், ஓட்டுநரிடம் நான் சொல்வது இது:

"அண்ணே, ஆள் உள்ள இறங்கக் கூடாது. ஓஸுக்கு வர்ற வரைக்கும் போதும். வேலை முடியலைன்னாலும் பேசின காசு முழுசா உண்டு."

மூன்றாவது வாக்கியம்தான் வேலை செய்யும். அது இல்லாமல் முதல் இரண்டைச் சொல்லிப் பயனில்லை. பாதி வேலைக்குப் பாதிக் காசு என்று இருக்கும்வரை இறங்கத்தான் சொல்லும் பசி. இறுகிய கசடைத் தண்ணீர் பீய்ச்சி இளக்கி, இன்னொரு நாள் இரண்டாவது லோடாக எடுக்கலாம். அதற்கு ஆகும் கூடுதல் காசை 18 வீட்டில் பிரித்தால் ஒரு பிரியாணிக்குக்கூட வராது. இருந்தும் எங்கள் மீட்டிங்கில் ஒருவர், "அடுத்த தெருவுல ஐநூறு ரூபாய் கம்மியா, ஆளே இறங்கி சுத்தமா பண்ணிக் கொடுக்கறாங்களே மேடம்" என்றார். அதே வாரம் குரூப்பில் கைகூப்பும் பொம்மையும் "நெஞ்சு பதறுகிறது" என்ற வரியும் போட்டவர்தான். மினிட்ஸ் புத்தகத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதி, "சட்டப் பிரிவு 7-இன்படி நிராகரிக்கப்பட்டது" என்று கீழே சேர்த்து, கையெழுத்துக் கேட்டேன். பேச்சு அதோடு முடிந்தது.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று. இன்னும் ஒரு சொட்டுக் கழிவும் விழாத புதுத் தொட்டியிலும், தண்ணீர் சம்ப்பிலும்கூட ஆட்கள் இறக்கிறார்கள். கான்கிரீட் போட்டு வாரக்கணக்கில் மூடி வைத்த பிறகு கான்கிரீட்டைத் தாங்க அடித்த சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க இறங்குவார்கள். ஈரப்பலகை மக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: எல்லா வாயும் திறந்து நன்றாகக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும், உள்ளே காற்றைக் கருவி வைத்துச் சோதிக்காமல் யாரும் இறங்கக்கூடாது.

யாராவது விழுந்துவிட்டால்

பின்னாலேயே இறங்காதீர்கள். இந்தச் செய்திகளில் இரண்டாவது, மூன்றாவது பெயராக வருகிறவர்கள் அநேகமாக அண்ணன், மச்சான், அல்லது பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர். 101-க்கு அழையுங்கள், தீயணைப்புத் துறையிடம் மூச்சுக்கருவி இருக்கும். 108-க்கும் சொல்லுங்கள். இருக்கிற மூடியெல்லாம் திறந்து, கூட்டத்தைத் தள்ளி நிறுத்தி, பீடி சிகரெட்டை அணைக்கச் சொல்லுங்கள். இறங்கத் துடிக்கிறவரை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அவர் திட்டுவார், விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் பேசும்போது

"அவங்க குடிச்சிட்டு இறங்கறாங்க, அதான்" என்று சொல்ல ஒரு பெரியப்பா எல்லா வீட்டிலும் உண்டு. அந்த நாற்றத்தில் குடிக்காமல் நிற்க முடியாது என்று இந்த வேலை செய்கிறவர்களே சொல்வார்கள். அதைச் சொல்லிவிட்டு, "குடிக்காத ஆளுக்கு அந்த வாயு ஒண்ணும் பண்ணாதா பெரியப்பா?" என்று கேளுங்கள், போதும். நீண்ட வாக்குவாதம் வேண்டாம். "அவங்களா காசுக்கு வர்றாங்க" என்பதற்கும் பதில் உண்டு: ஏன் எப்போதும் அதே சில சாதிக்காரர்கள் மட்டும் அவர்களாகவே வருகிறார்கள்? லாரியோடு வந்தவர்களுக்கு வீட்டு டம்ளரில் தண்ணீர் கொடுப்பதைப் பேரப்பிள்ளைகள் பார்க்கும்படி செய்யுங்கள். விளக்கம் சொல்லத் தேவையில்லை.

வாசலுக்கு வெளியே

உங்கள் தொட்டி சரியானதும், கோபம் மிச்சம் இருந்தால், அதற்கு ஒரு அரசு முகவரி கண்டுபிடியுங்கள். முகநூலில் நாலு பாரா எழுதுவதைவிட, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு ஒன்று நல்லது. பொதுத் தகவல் அலுவலர், உங்கள் நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகம் என்று போட்டு, இவற்றைக் கேளுங்கள்: உரிமம் பெற்ற கழிவுநீர் லாரிகளின் பட்டியல், அவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகின்றன, சாக்கடை அடைப்பு எடுக்க எத்தனை இயந்திரம் இருக்கிறது, அதில் ஓடுவது எத்தனை. இன்னொரு மனு ஆட்சியர் அலுவலகத்துக்கு. 2013 சட்டப்படி மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். கடந்த இரண்டு ஆண்டில் அது எந்தெந்தத் தேதிகளில் கூடியது, கூட்டக் குறிப்பின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். குழு கூடவே இல்லை என்று பதில் வந்தால் அதுவும் ஒரு ஆவணம். அதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். கிராமத்தில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபையில், நம் ஊராட்சியில் எந்தத் தொட்டியிலும் ஆள் இறங்கக்கூடாது என்று தீர்மானம் கேட்கலாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று தேதிகள் தெரிந்தவைதானே.

செய்தியில் படித்த குடும்பத்துக்கு உதவ ஆசைப்பட்டால் நேராக வீட்டுக்குப் போய் நிற்காதீர்கள், ஏற்கெனவே கேமராக்கள் போய் நின்றிருக்கும். அந்த ஊரில் தூய்மைப் பணியாளர் சங்கம் இருந்தால் அவர்கள் மூலம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பெரும்பாலும் அவர்களுக்கு வேண்டியிருப்பது அரிசி மூட்டை இல்லை. முதல் தகவல் அறிக்கையின் நகல், வாரிசுச் சான்றிதழ், இழப்பீட்டு மனு எழுதத் தெரிந்த ஒரு ஆள். ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன நம்மைப் போன்றவர்களுக்கு மனு எழுத நன்றாகவே வரும்.

ஆர்டிஐக்கு 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை மனு நகலோடு பின் அடித்து வையுங்கள். ரசீது மை சீக்கிரம் மங்கிவிடும், ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.