பளிங்கு மாதிரி மின்னும் சுதையைச் சோதிப்பது எப்படி?

இத்தாலியின் பலெர்மோ நகரில் சான் லொரென்சோ வழிபாட்டுக்கூடத்துச் சுவர்களில் குதித்து விளையாடும் குழந்தைச் சிற்பங்களை யார் பார்த்தாலும் பளிங்கு என்றுதான் சொல்வார்கள். இல்லை, சுதை. நம் கோபுர பொம்மைகளின் தூரத்துச் சொந்தம். அவற்றைச் செய்த சிற்பி ஜாக்கோமோ செர்பொட்டா (1656–1732) அவற்றைப் பெரும்பாலும் வெள்ளையாகவே விட்டு, மேலே சுண்ணாம்பும் பளிங்குத் தூளும் கலந்த மெல்லிய பூச்சைத் தேய்த்து மினுக்கியிருக்கிறார்.

இப்படி ஒரு வேலையை ஆராயப் போனால் எடுத்த எடுப்பில் உளியைத் தூக்காதீர்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். கரண்டி இழுத்த தடம், விரல் அழுத்தம், அச்சில் வார்த்து ஒட்டிய பூவின் மூட்டு எல்லாம் அதில்தான் தெரியும். உள்ளே இருப்பது மரச்சட்டமா இரும்புக் கம்பியா என்பதை உடைந்த விரல் ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும்.

மாதிரியையும் ஏற்கெனவே உடைந்த ஓரத்தில்தான் எடுக்க வேண்டும். மிளகளவு போதும், ஆனால் மேல்பூச்சிலிருந்து உள்சாந்து வரை அடுக்கு கலையாமல் வர வேண்டும். எடுத்த இடத்தைப் போட்டோவில் குறிக்கவில்லை என்றால் அப்புறம் அது வெறும் தூள். ஈரமாக இருக்கிறதே என்று சூட்டில் வைத்து உலர்த்தவும் கூடாது. 40 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். சூடு கூடினால், சுதையில் ஜிப்சம் என்ற தாது இருந்தால் அதில் உள்ள நீர் வெளியேறி அது வேறு தாதுவாகிவிடும், கருவி காட்டுவது உங்கள் கைவேலையைத்தான், செர்பொட்டாவுடையதை அல்ல.

சரி, ஆய்வுக்கூடம். எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷனில் (எக்ஸ்ரே கதிர் சிதறும் விதத்தை வைத்துத் தாதுக்களை அடையாளம் காணும் கருவி) தூளை வைத்தால் கால்சைட் (கால்சியம் கார்பனேட் தாது) இருக்கிறது, ஜிப்சம் இருக்கிறது என்று சொல்லிவிடும். பலர் இங்கேயே அறிக்கை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள், அதுதான் தப்பு. காற்றுப்பட்டு இறுகிய சுண்ணாம்பும் கால்சைட், பளிங்குத் தூளும் கால்சைட். இரண்டையும் அந்தக் கருவியால் பிரிக்க முடியாது. மாதிரியைப் பிசினில் பதித்து 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து (தண்ணீர் வேண்டாம், ஜிப்சம் கரையும்) துருவ ஒளி நுண்ணோக்கியில் வையுங்கள். பளிங்குத் துகள் உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரி முனை முனையாக, உள்ளே இணைகோடுகளோடு நிற்கும். அதைச் சுற்றி மாவாகப் பரவியிருப்பது சுண்ணாம்பு.

ஜிப்சம் எங்கே இருக்கிறது என்பதையும் இதே துண்டில் பாருங்கள். மேற்பரப்பில் மட்டும் என்றால் நகரத்துப் புகையின் கந்தகம் வேலை காட்டியிருக்கலாம். சாந்து முழுக்க என்றால் யாரோ கலந்ததுதான், அது செர்பொட்டாவின் பட்டறை ஆட்களா, பின்னால் பழுதுபார்த்தவரா என்பதற்கு ஒட்டுப்போட்டதுபோல் தெரியும் சிற்பத்தின் கையிலிருந்தும், யாரும் தொடாத பின்பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு துண்டு எடுத்து ஒப்பிட வேண்டியிருக்கும்.