பழைய பிக்கப் வண்டிக்கு நாமே ஒரு மீட்டர் போர்டு செய்யும் முறை

காரைக்குடிக்கும் ஆத்தங்குடிக்கும் இடையே தளக்கல் ஏற்றி ஓடிக்கொண்டிருந்த எங்கள் பழைய டீசல் பிக்கப் வண்டியில், கடைசிச் சில ஆண்டுகளாக வேக முள் ஒன்று மட்டுமே அசைந்துகொண்டிருந்தது. டீசல் எவ்வளவு இருக்கிறது என்பதை டேங்கில் குச்சி விட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். ஒரு சித்திரை மாதத்தில் திருமயம் சாலையில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்ற பிறகுதான், ஆயில் அழுத்தம், எஞ்சின் சூடு, டீசல் அளவு, பேட்டரி வோல்ட் ஆகிய நான்கையும் காட்டும் தனி போர்டு ஒன்றைச் செய்து பொருத்துவது என்று முடிவு செய்தேன். டிரில்லிங் மெஷினும் அரமும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் கையாளத் தெரிந்த எவரும் இதை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிடலாம். தகடு வெட்டுவதுதான் பெரிய வேலை என்று தொடங்குபவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் தகட்டு வேலை அரை நாளில் முடிந்துவிடும். மீட்டரையும் அதற்குரிய சென்சாரையும் ஜோடி சேர்ப்பதிலும், எர்த் கொடுப்பதிலும்தான் நேரம் போகிறது.

வேகமானியை மட்டும் அதன் பழைய இடத்திலேயே விட்டுவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் விதி 117 வேகமானியைக் கட்டாயமாக்குகிறது, எஃப்.சி.க்குப் போகும் வண்டியில் அதைக் கழற்றிவைத்துச் சோதனை செய்துகொண்டிருக்கக் கூடாது. அதன் கேபிளை அதிகமாக வளைத்தாலும் முள் நடுங்கத் தொடங்கும்.

மீட்டர் வாங்குவதற்கு முன்

சந்தையில் பரவலாகக் கிடைப்பவை 52 மி.மீ. விட்டமுள்ள வட்ட மீட்டர்கள். கடைக்குப் போவதற்கு முன் உங்கள் வண்டியின் டேங்க் ஃப்ளோட்டை அளந்துகொள்ள வேண்டும். ஃப்ளோட் என்பது மிதவையுடன் சேர்ந்து மாறும் ஒரு மின்தடைதான். அதன் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, மிதவை கீழே இருக்கும்போது எவ்வளவு, மேலே இருக்கும்போது எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய முறை ஃப்ளோட்டுகளில் டேங்க் காலியாக இருக்கும்போது ஏறத்தாழ 10 ஓமும் நிறைந்திருக்கும்போது 180 ஓமும் காட்டும். அமெரிக்க முறையில் காலிக்கு 240, நிறைவுக்கு 33 என்று தலைகீழாக இருக்கும். இரண்டையும் மாற்றிச் சேர்த்துவிட்டால், டேங்க் நிறைய நிறைய முள் காலியை நோக்கி இறங்கும். எனவே அளந்த எண்களைத் தாளில் எழுதி எடுத்துச் சென்று, அதே அளவுக்கான மீட்டரைக் கேட்டு வாங்குவதே சரியான வழி.

ஆயில், சூடு ஆகிய இரண்டு மீட்டர்களையும் அவற்றுக்குரிய சென்சாருடன் ஒரே பெட்டியில் வருவதாக வாங்குங்கள். எஞ்சினில் ஏற்கெனவே இருக்கும் சென்சாரைக் கழற்றி எடுத்துச் சென்று மரையை ஒப்பிட்டுப் பார்த்தல் நல்லது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் மரைகள் வெவ்வேறு பிச்சில் (மரைகளுக்கு இடையிலான தூரத்தில்) இருக்கும், முறுக்கி ஏற்றினால் எஞ்சின் பக்கத்து மரைதான் கெடும். ஆயிலுக்கு, மெல்லிய குழாய் வழியாக ஆயிலையே மீட்டருக்குக் கொண்டுவரும் வகையும் கிடைக்கும். அது துல்லியமானதுதான், ஆனால் அந்தக் குழாய் உடைந்தால் சூடான ஆயில் ஓட்டுபவரின் காலில் கொட்டும் என்பதால், முதல் முறை செய்பவர்களுக்கு ஒற்றை வயர் மின்சார வகையையே பரிந்துரைப்பேன். ஆயில் விளக்கையும் இழக்க வேண்டாம். பித்தளை டி இணைப்பு ஒன்றைப் போட்டால் விளக்குக்கான சுவிட்சும் மீட்டருக்கான சென்சாரும் ஒரே துளையில் இருக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எப்போதாவது பித்தளை வளையம் போட்ட பழைய மீட்டர்கள் கண்ணில் படும். அழகுக்காக வாங்கலாம், நானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அவற்றில் சில, வண்டியின் 12 வோல்ட்டில் நேரடியாக ஓடாமல், நடுவில் ஒரு ஸ்டெபிலைசர் வைத்து 10 வோல்ட்டில் ஓடும்படி செய்யப்பட்டவை. நேராக இணைத்தால் எல்லாவற்றையும் கூட்டியே காட்டும். அளவுகளும் வேறாக இருக்கும்: 180 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 82 டிகிரி செல்சியஸ், ஒரு கிலோ அழுத்தம் என்பது ஏறத்தாழ 14.2 பி.எஸ்.ஐ.

அட்டையில் ஒரு போர்டு

தகட்டைத் தொடுவதற்கு முன் கெட்டி அட்டையில் முழு அளவில் வெட்டிப் பாருங்கள். ஆத்தங்குடியில் தளக்கல் போடுபவர்கள் கண்ணாடியின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் கட்டங்களுக்குள்தான் வண்ணச் சிமெண்டை ஊற்றுவார்கள். அச்சில் கோடு விலகியிருந்தால் ஊற்றும் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை. நமக்கு அந்த அச்சு இந்த அட்டை.

52 மி.மீ. மீட்டரின் முன்வளையம் ஏறத்தாழ 60 மி.மீ. இருக்கும். ஒரு மையத்திலிருந்து அடுத்த மையத்துக்கு 70 மி.மீ. விட்டால் நான்கு மீட்டர்களுக்கு 210 மி.மீ., இரு ஓரங்களுக்கும் 60 மி.மீ. வீதம் சேர்த்து மொத்த நீளம் 330 மி.மீ. ஆகிறது. முகப்பின் உயரம் 95 மி.மீ., மேலும் கீழும் மடிப்பதற்கு 15 மி.மீ. வீதம் சேர்த்தால் தகட்டின் உயரம் 125 மி.மீ. ஓரங்களில் மீட்டருக்கு வெளியே மிஞ்சும் இடத்தில் சார்ஜ் விளக்கும் ஹைபீம் விளக்கும் அமர்ந்துவிடும்.

அட்டையை டேப் போட்டு டேஷ்போர்டில் ஒட்டிய பிறகு, ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெளியே நின்று பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும். உட்கார்ந்த பிறகுதான் ஸ்டீயரிங் வளையம் எதை மறைக்கிறது என்பது புரியும். சூடும் ஆயிலும் மறைவில்லாத இடத்தில் இருக்கட்டும். டீசலைத் தலையைச் சாய்த்துப் பார்த்தாலும் தவறில்லை. மீட்டரின் பின்பக்க ஆழத்தை வயருடன் சேர்த்து அளந்து, அங்கே வைப்பர் தண்டோ வேறு எதுவுமோ வந்து இடிக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

தகடு

2 மி.மீ. மென்மையான அலுமினியத் தகடு போதும். எவர்சில்வர் வேண்டாம், துளையிடுவதற்குள் ஹோல்சாவின் (டிரில்லில் மாட்டி வட்டத் துளை வெட்டும் பல்வளையத்தின்) பல் போய்விடும். வீட்டில் கிடக்கும் பர்மா தேக்குப் பலகையில் செய்யலாமா என்று கேட்பவர்கள் எங்கள் ஊரில் நிச்சயம் இருப்பார்கள். செய்யலாம், ஆனால் மீட்டரைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கிளாம்ப் தடிமனான பலகைக்கு எட்டாது என்பதால், பலகையைப் பின்பக்கம் குடைய வேண்டியிருக்கும்.

அட்டையைத் தகட்டின் மேல் வைத்து மையங்களைக் குறித்து, சென்டர் பஞ்ச் அடித்து, கவராயத்தால் வட்டம் கீறிக்கொள்ளுங்கள். 52 மி.மீ. ஹோல்சா கிடைக்காவிட்டால் 2 அங்குலம், அதாவது 51 மி.மீ., வாங்கி மீதியை அரை வட்ட அரத்தால் எடுத்துவிடலாம். சிறிய துளையை அராவிப் பெரிதாக்க முடியும், பெரிய துளையைச் சிறிதாக்க முடியாது. தகட்டின் அடியில் மரக்கட்டை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டு இறுக்கி, மெஷினை மெதுவான வேகத்தில் வைத்து, இடையிடையே மண்ணெண்ணெய் அல்லது தையல் இயந்திர எண்ணெய் விட்டால் அலுமினியம் பல்லில் ஒட்டாது. கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். கையுறையோ, சுழலும் பல்லில் சிக்கி விரலையும் இழுக்கும் என்பதால் அணியவே கூடாது. துளை முடிந்ததும் இரு பக்கப் பிசிறையும் அரத்தால் நீக்குங்கள்.

மடிப்பதற்கு பிரஸ் தேவையில்லை. இரண்டு எல் ஆங்கிள்களுக்கு நடுவே தகட்டை வைத்து வைஸில் இறுக்கி, மரச் சுத்தியலால் ஓரத்திலிருந்து ஓரம் வரை சிறிது சிறிதாகத் தட்டி வளைக்கலாம். மடிக்க வேண்டிய கோட்டில் ஊசியால் கீற வேண்டாம், பென்சில் போதும். கீறிய இடத்தில்தான் பிறகு விரிசல் விடும்.

பூச்சைப் பொறுத்தவரை, எட்ச் பிரைமர் (அலுமினியத்தில் பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) அடித்த பிறகு பளபளப்பில்லாத கறுப்பே சிறந்தது. நம் பக்கத்து வெயிலில் பளபளக்கும் தகடு முன்கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைக் கூசச் செய்யும். அனோடைசிங் செய்ய நினைப்பவர்கள் பூச்சுப் பட்டறையில் கொடுத்துச் செய்யலாம். அலுமினியத்தின் மேல் மின்சாரத்தால் ஆக்சைடு படலத்தை வளர்க்கும் முறை அது. அந்த மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1953 முதல் காரைக்குடியில் இயங்கி வருகிறது என்பதில் எங்களுக்குச் சிறிது பெருமை உண்டு.

வயரிங்

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். மீட்டர்களுக்குச் சாவி போட்டால் மட்டும் வரும் மின்சாரம் வேண்டும். அந்த இணைப்பில் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். மீட்டருக்குள் எரியும் சிறு பல்புகளை பார்க் லைட் வயரிலிருந்து எடுக்கலாம். 2 வாட் பல்பு நான்கு சேர்ந்தாலும் 8 வாட்தான், ஒரு ஆம்பியர்கூட ஆகாது. எனவே 1 சதுர மி.மீ. வயர் தாராளம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம் வைத்து, எது எது என்று தாளில் எழுதி அந்தத் தாளை வண்டியிலேயே வைத்துவிடுங்கள்.

பழைய வண்டியில் ஆம்பியர் மீட்டர் இருந்தால் கவனம் தேவை. சார்ஜ் மின்சாரம் முழுவதும் அதன் வழியாகவே ஓடும். அதைக் கழற்றும்போது, அதிலிருந்து வரும் இரண்டு தடித்த வயர்களையும் ஒரே போல்ட்டில் இறுக்கிச் சேர்த்து, மேலே நன்றாக இன்சுலேஷன் போட வேண்டும். அவற்றை வெறுமனே தொங்கவிட்டால் வண்டி செத்துவிடும். பாடியில் பட்டால் தீப்பிடிக்கும். சார்ஜ் விளக்கையும் அலங்காரம் என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். பல வண்டிகளில் அந்த பல்பின் வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. பல்பு இல்லாவிட்டாலோ, அந்த இடத்தில் எல்.இ.டி. போட்டாலோ, எஞ்சின் ஓடியும் சார்ஜ் ஏறாமல் போகலாம்.

எல்லா மீட்டர்களின் எர்த் வயரையும் ஒரே லக்கில் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையத்தில்) சேர்த்து, பெயிண்ட் சுரண்டிய பாடி போல்ட்டில் இறுக்குங்கள். டேஷ்போர்டு பிளாஸ்டிக்காக இருந்தால் போர்டைத் திருகியதால் எர்த் வந்துவிட்டது என்று நம்ப வேண்டாம். நான் சூட்டு சென்சாரின் மரையில், ஒழுகக் கூடாதே என்று டெஃப்லான் டேப்பை ஏழெட்டுச் சுற்று சுற்றிவிட்டேன். சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான் கிடைக்கிறது என்பது அப்போது தோன்றவில்லை. முள் குளிர்ந்த பக்கத்திலேயே படுத்துக்கிடக்க, மீட்டர் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் போய் வாதாடினேன். அவர் பொறுமையாக வண்டிக்கு வந்து, சென்சாரின் அறுகோணத்திலிருந்து எஞ்சினுக்கு ஒரு துண்டு வயரைத் தொட்டார், முள் எழுந்தது. அன்று மன்னிப்புக் கேட்டதோடு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

சோதனை

சூட்டு மீட்டரை எஞ்சினில் ஏற்றுவதற்கு முன்பே சோதிக்கலாம். பழைய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சென்சாரின் முனையை அதில் முக்கி, அதன் உடலை ஒரு வயரால் பேட்டரி நெகட்டிவுடன் இணைத்தால் முள் 100-ஐ ஒட்டி நிற்க வேண்டும். வண்டியில் பொருத்திய பிறகு முள் அசையாவிட்டால், சென்சார் வயரை ஒரு நொடி மட்டும் பாடியில் தொட்டுப் பாருங்கள். முள் உச்சிக்குப் போனால் மீட்டரும் வயரும் சரி, கோளாறு சென்சாரிலோ அதன் எர்த்திலோ இருக்கிறது.

முதல் ஓட்டத்தில் வோல்ட் மீட்டர், எஞ்சின் நிற்கும்போது 12.6-ஐ ஒட்டியும் ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். 13-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை, 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. சூடு பொதுவாக 80 முதல் 95 வரை நின்றால் கவலையில்லை. ஆயில் முள் ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் எழவில்லையென்றால் உடனே எஞ்சினை நிறுத்தி, முதலில் டி இணைப்பில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் மீட்டர் கிளாம்ப் நட்டுகளையும் எர்த் போல்ட்டையும் ஒருமுறை மறுபடி இறுக்கிவிடுங்கள். டீசல் எஞ்சினின் அதிர்வில் அவைதான் முதலில் தளரும்.