ரைபிள் ஸ்கோப்பை ஜீரோ செய்வது: தொலைதூர வேட்டைக்கான முதல் பாடம்

குழலை விட்டு வெளியேறிய கணத்திலிருந்தே குண்டு கீழ்நோக்கி விழத் தொடங்கிவிடுகிறது. நம் பார்வையோ ஸ்கோப் வழியாக நேர்க்கோட்டில் செல்கிறது. அதுவும் குழலுக்கு நான்கைந்து சென்டிமீட்டர் மேலிருந்து. இந்த வளைகோடும் நேர்க்கோடும் நாம் தேர்ந்தெடுத்த தூரத்தில் சந்திக்கும்படி ஸ்கோப்பைத் திருத்துவதுதான் ஜீரோ செய்தல். எடுத்த எடுப்பிலேயே 200 மீட்டருக்குப் போக விரும்புவோர் உண்டு. அங்கே காற்றின் பிழையும் கையின் பிழையும் கலந்துவிடும் என்பதால், தொடக்கநிலையாளருக்கு 100 மீட்டரே போதும் என்பேன். உரிமம், அனுமதி பெற்ற சுடுதளம், காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு ஆகியவை இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

சுடுவதற்கு முன்

ஜீரோ நிலைக்கவில்லை என்று புலம்புவோரில் பலருக்கு உண்மையான சிக்கல் திருகாணியில் இருக்கும். முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் அடித்தாங்கி, வளையங்கள் இரண்டின் திருகாணிகளையும் தயாரிப்பாளர் சொன்ன முறுக்குவிசைக்கு, அளவு காட்டும் திருப்புளியால் இறுக்குங்கள். கை சொல்லும் இறுக்கத்தை நம்ப வேண்டாம். அதிகமாக இறுக்கினால் ஸ்கோப்பின் உடலே நசுங்கும்.

வளையங்களை முழுதாக இறுக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். வழக்கமாகச் சுடும் நிலையில் கன்னத்தை வைத்ததும், கருநிழல் இல்லாமல் முழு வட்டமும் தெரிய வேண்டும். கண்ணை ஸ்கோப்புக்கு மிக அருகில் வைத்தால், உதைப்பில் புருவம் கிழியும். அடுத்து, தூரத்தில் ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டு, துப்பாக்கியைச் சாயாமல் நிறுத்தி, ஸ்கோப்பினுள் தெரியும் குறுக்கு இழையின் செங்குத்துக் கோட்டை அந்த நூலோடு பொருத்துங்கள். 100 மீட்டரில் சாய்வு தெரியாது. தூரம் கூடி, குண்டு படும் இடத்தை உயர்த்தும் திருத்தத்தை, அதாவது ஏற்றத்தை, ஸ்கோப்பின் டரட்டில் (திருத்தும் குமிழில்) நீங்கள் திருப்பும்போதுதான் குண்டு பக்கவாட்டில் விலகும். காரணம் புரியாமல் காற்றின் மீது பழி போடுவீர்கள்.

பிறகு வெளிறிய வானத்தைப் பார்த்து, இழை கூர்மையாகத் தெரியும்வரை கண்ணருகே உள்ள வளையத்தைத் திருப்புங்கள். இடமாறு தோற்றத்தைச் சரிசெய்யும் குமிழ் இருந்தால், தலையை லேசாக அசைத்தாலும் இழை இலக்கின் மீது நகராத நிலைக்கு அதைக் கொண்டுவாருங்கள்.

25 மீட்டர்

போல்ட் வகைத் துப்பாக்கி என்றால் போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் உருளையை) கழற்றிவிட்டு, மணல் மூட்டைகளின் மீது அசையாமல் வைத்து, குழலின் ஊடே இலக்கைப் பாருங்கள். இலக்கு குழலின் நடுவில் தெரியும்போது, துப்பாக்கியை அசைக்காமல் டரட்டுகளைத் திருப்பிக் குறுக்கு இழையையும் அதே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். பின்னர் போல்ட்டைப் பொருத்தி ஓரிரு முறை சுட்டு, குண்டு புள்ளிக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் கீழே படும்படி திருத்திவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம். இங்கே துல்லியத்தைத் தேடித் தோட்டாக்களை வீணாக்க வேண்டாம்.

100 மீட்டர்

வேட்டைக்கு எந்தத் தோட்டாவோ அதே தோட்டாவால் சுடுங்கள். குண்டின் எடை மாறினால் படும் இடமும் மாறும். ஒரே புள்ளியைக் குறிவைத்து மூன்று முதல் ஐந்து முறை நிதானமாகச் சுட்ட பிறகே டரட்டைத் தொடுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு திருத்தம் என்று துரத்திக்கொண்டிருந்தால் தோட்டாப் பெட்டிதான் காலியாகும். துளைக்கூட்டத்தின் மையத்தைக் கண்டு, அங்கிருந்து குறிப்புள்ளிவரை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள்.

டரட்டைத் திருப்பும்போது நகரும் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக்; மில், எம்ஓஏ என்பவை அந்தப் படியை அளக்கும் கோண அலகுகள். 0.1 மில் ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 மீட்டரில் 1 சென்டிமீட்டர். கால் எம்ஓஏ ஸ்கோப்பில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். மையம் 6 சென்டிமீட்டர் கீழேயும் 4 சென்டிமீட்டர் வலப்புறமும் இருந்தால், மில் ஸ்கோப்பில் மேல்நோக்கி ஆறு கிளிக், இடப்புறம் நான்கு கிளிக். டரட்டில் உள்ள அம்புக்குறி குண்டு படும் இடம் நகரும் திசையைக் காட்டுகிறது. குறுக்கு இழை நகரும் திசையை அல்ல. பெரும்பாலோர் தடுமாறும் இடம் இது.

குழலை ஆறவிட்டு மறுபடியும் ஒரு கூட்டம் சுடுங்கள். மையம் புள்ளியில் அமர்ந்ததும், கையேட்டில் உள்ளபடி டரட்டின் எண் வளையத்தைத் தளர்த்தி 0-க்குக் கொண்டுவந்து இறுக்குங்கள். இன்னொரு நாள், ஆறிய குழலிலிருந்து வரும் முதல் குண்டு எங்கே படுகிறது என்று பாருங்கள். வேட்டையில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஒரு குண்டுதான்.

அதற்கு அப்பால்

குண்டின் வேகத்தையும் வடிவத்தையும் கொடுத்தால், தூரத்துக்கு ஏற்ற ஏற்றத்தைக் கணக்கிடும் செயலிகள் பல உள்ளன. அந்த அட்டவணையைக் காகிதத்தில் சுட்டுச் சரிபார்க்காமல் நம்பக் கூடாது. கிளிக்கின் அளவு தூரத்தோடு வளரும்: 400 மீட்டரில் 0.1 மில் என்பது 4 சென்டிமீட்டர். ஆகவே அங்கே 60 சென்டிமீட்டர் கீழே பட்டால் பதினைந்து கிளிக் ஏற்ற வேண்டும். சுட்டு முடித்ததும் டரட்டை 0-க்குத் திருப்புவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஏற்றம் கணக்குக்கு அடங்கும், காற்று அடங்காது. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகலம்தான். மேசையும் மணல் மூட்டையும் இல்லாமல், வேட்டையில் இருக்கும் அதே நிலையில் எந்தத் தூரம்வரை எல்லாக் குண்டுகளையும் அந்த அளவுக்குள் போடுகிறீர்களோ, அதுவே உங்கள் எல்லை. ஸ்கோப் எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டினாலும் அது மாறாது. துப்பாக்கி கீழே விழுந்தாலோ, தோட்டாவின் வகையை மாற்றினாலோ, மீண்டும் 100 மீட்டரில் ஒரு கூட்டம் சுட்டுப் பார்த்த பிறகே வேட்டைக்குக் கிளம்புங்கள்.