எடையை மாற்றியவர் யார்? தரவுத்தளத்தில் பயனர் தடத்தைப் பதியும் முறை

போடிமெட்டுக்கு மேலே, இடுக்கி மாவட்டத்தில் உள்ள ஓர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வலைச் செயலி ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். அங்கே குறிப்பிட்ட எடைக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோ பச்சைக்காய்க்கும் கூடுதல் கூலி உண்டு. மாலையில் ஸ்டோரில் காயை நிறுத்து மேற்பார்வையாளர் போனில் எடையைப் பதிவார். போடிநாயக்கனூரில் இருக்கும் கணக்கர் அதைப் பார்த்துக் கூலி போடுவார். ஒரு சனிக்கிழமை, அன்றாடம் ஜீப்பில் மலையேறிப் போய்வரும் ஓர் அம்மா தம் கையிலிருந்த எடைச்சீட்டைக் காட்டினார். சீட்டில் 18.5 கிலோ, திரையில் 15.8. மேற்பார்வையாளர், கணக்கர் இருவரும் தாம் மாற்றவில்லை என்றார்கள். யார் சொல்வது சரி என்று பார்க்கத் தரவுத்தளத்தில் எதுவுமே இல்லை, ஏனென்றால் அந்த அட்டவணையை அமைத்தபோது அதற்கான இடத்தை நான் வைக்கவில்லை. அன்று வைத்திருக்க வேண்டியவற்றைப் புதிதாகத் தொடங்குவோருக்காக இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் ஜாங்கோ என்னும் பைத்தான் வலைச் சட்டகத்தையும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தையும் கொண்டவை; முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே.

படி 1: நான்கு நெடுவரிசைகள்

எடை அட்டவணையில் உருவாக்கியவர், உருவாக்கிய நேரம், கடைசியாக மாற்றியவர், மாற்றிய நேரம் என நான்கு நெடுவரிசைகளைச் சேருங்கள். ஆளைக் குறிக்கும் இரண்டிலும் பெயரை எழுத்தாக வைக்காமல், பயனர் அட்டவணையைச் சுட்டும் அயல் விசையாக, அதாவது ஃபாரின் கீயாக, பயனர் எண்ணை வையுங்கள். எல்லைப் பகுதியில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு: ஒரே ஆளின் பெயரை மலைமேல் மலையாளத்திலும் கீழே தமிழிலும் எழுதுவார்கள், தேடும்போது அவர் இரண்டு பேராகிவிடுவார்.

ஜாங்கோவில் ஒரே பயனர் அட்டவணைக்கு இரண்டு அயல் விசைகள் போகும்போது, ரிலேட்டட் நேம் என்னும், பயனரிடமிருந்து அவருடைய பதிவுகளைத் தேட உதவும் பின்னோக்குப் பெயரைத் தனித்தனியாகத் தராவிட்டால் பிழை வரும். சுட்டப்படும் பயனரை நீக்கினால் என்ன ஆக வேண்டும் என்று சொல்லும் ஆன் டெலீட் என்பதற்குக் கேஸ்கேட் தராதீர்கள். வேலையை விட்டுப் போன மேற்பார்வையாளரின் கணக்கை நீக்கினால் அவர் பதிந்த எடைகளெல்லாம் சேர்ந்தே அழிந்துவிடும். அப்படி நீக்கவிடாமல் தடுக்கும் புரொடெக்ட் தாருங்கள், கணக்கை நீக்குவதற்குப் பதிலாகச் செயலற்றதாக ஆக்குங்கள். நேரத்தைப் போனிலிருந்து வாங்காமல் சேவையகத்திலிருந்தே எடுத்து, யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் சேமித்து, காட்டும்போது மட்டும் ஐந்தரை மணி நேரம் கூட்டிய இந்திய நேரமாகக் காட்டுங்கள்.

படி 2: பெயரை எங்கிருந்து எடுப்பது

தொடக்கநிலையினர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். படிவத்தில் மறைவான புலம் ஒன்றை வைத்து அதில் பயனர் எண்ணை அனுப்புவார்கள். உலாவியின் டெவலப்பர் கருவியைத் திறக்கத் தெரிந்த எவரும் 7 என்பதை 3 என்று மாற்றி அடுத்தவர் பெயரில் பதிந்துவிட முடியும். யார் என்பதைச் சேவையகம் உள்நுழைந்தவரைச் சேவையகம் நினைவில் வைத்திருக்கும் செஷனிலிருந்து மட்டுமே அறிய வேண்டும். ஜாங்கோவில் படிவத்தைக் கமிட் ஃபால்ஸ் என்று சொல்லிச் சேமிக்காமல் கையில் வாங்கி, உள்நுழைந்த பயனரான ரிக்வெஸ்ட் யூசரை உரிய நெடுவரிசையில் இட்டு, அதன் பிறகு சேமியுங்கள். புதிய பதிவாக இருந்தால் இரண்டு பெயர்களையும், பழைய பதிவாக இருந்தால் மாற்றியவரை மட்டும் நிரப்புங்கள். நிர்வாகப் பக்கத்துக்கு இதே வேலையைச் சேவ் மாடல் என்னும் செயற்கூற்றில் செய்யலாம்.

ஓர் எச்சரிக்கை: பல வரிசைகளை ஒரே கட்டளையில் மாற்றும் அப்டேட், மாடலின் சேவ் செயற்கூற்றை அழைக்காது, சேமிக்கும்போது ஜாங்கோ எழுப்பும் அறிவிப்புகளான சிக்னல்களும் எழா, சேமிக்கும்போதெல்லாம் தானே புதுப்பிக்கும்படி ஆட்டோ நவ் என்று வைத்த நேரமும் மாறாது. ஆகவே அந்தக் கட்டளைக்குள் மாற்றியவரையும் நேரத்தையும் நீங்களே சேர்த்துத் தர வேண்டும்.

படி 3: வரலாற்று அட்டவணை

நான்கு நெடுவரிசைகள் கடைசியாகக் கைவைத்தவரை மட்டுமே சொல்லும். 18.5 என்பதை ஒருவர் 15.8 ஆக்கி, மறுநாள் இன்னொருவர் குறிப்புரையில் ஒரு சொல்லைத் திருத்தினால், பழி இரண்டாமவர் தலையில் விழும். எனவே வரலாற்றுக்குத் தனி அட்டவணை தேவை: எந்தப் பதிவு, சேர்த்தலா மாற்றலா நீக்கலா, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, பயனர் எண், நேரம்.

இதை நிரப்ப நான் விரும்புவது, வரிசை மாறும்போதெல்லாம் தரவுத்தளமே தானாக இயக்கும் ட்ரிகரை. செயலியைத் தாண்டி நேரடியாக ஒருவர் வரிசையை மாற்றினாலும் அது தடம் பதிக்கும். ட்ரிகருக்குள் மாற்றத்துக்கு முந்தைய வரிசை ஓல்ட் என்றும் பிந்தையது நியூ என்றும் கிடைக்கும்; சேர்த்தலில் ஓல்டும் நீக்கலில் நியூவும் இராது. அவற்றை ஜேசன்பி என்னும் தரவு வகையாக்கிச் சேமியுங்கள். ஆனால் செயலி ஒரே தரவுத்தளக் கணக்கில் இணைவதால் மனிதப் பயனர் யார் என்பது ட்ரிகருக்குத் தெரியாது. ஒவ்வொரு பரிவர்த்தனையின் (ஒன்றாக நிறைவேறும் கட்டளைத் தொகுப்பான டிரான்ஸாக்‌ஷனின்) தொடக்கத்திலும் செட் கான்ஃபிக் மூலம் பயனர் எண்ணை இட்டு, ட்ரிகரில் கரன்ட் செட்டிங் மூலம் அதைப் படியுங்கள். செட் கான்ஃபிக்கின் மூன்றாவது மதிப்பு ட்ரூ என்று இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த எண் பரிவர்த்தனையோடு மறையும். ஃபால்ஸ் என்று விட்டால் இணைப்பு மறுபயன்பாட்டுக்குப் போகும்போது முந்தையவரின் எண் அதிலேயே தங்கி, அடுத்தவர் செய்த மாற்றம் முந்தையவர் பெயரில் விழக்கூடும். நேரடியாக நுழைந்து மாற்றியவருக்குப் பயனர் எண் இருக்காது என்பதால் தரவுத்தளக் கணக்கின் பெயரையும் சேர்த்தே பதியுங்கள்.

வரலாற்று அட்டவணையின் உரிமையாளராகச் செயலியின் கணக்கை வைக்காமல், அதற்குச் சேர்க்கும் உரிமையை மட்டும் கொடுங்கள். மாற்றவும் நீக்கவும் உரிமை வேண்டாம். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல், கணக்குகளை மென்பொருளில் பராமரிக்கும் கம்பெனிகள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதியும், அணைத்துவிட முடியாத திருத்தப் பதிவேடு உள்ள மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது சட்ட விதி. எடைக் கணக்குக்கும் அதே அளவுகோலை வைப்பது நியாயம் என்று கருதுகிறேன்.

படி 4: சோதனை

இரண்டு உலாவிகளில் இரண்டு பயனர்களாக நுழையுங்கள். முதலாமவர் 18.5 என்று பதியட்டும், இரண்டாமவர் 15.8 ஆக்கட்டும், பிறகு முதலாமவர் குறிப்புரையை மட்டும் திருத்தட்டும். வரலாற்றில் மூன்று வரிசைகளும், நடுவில் உள்ளதில் இரண்டாமவரின் எண்ணும் பழைய 18.5உம் இருக்க வேண்டும். இத்தனை செய்தும், ஸ்டோரில் ஒரே போனில் ஒரே கடவுச்சொல்லை நான்கு பேர் பகிர்ந்தால் பதிவது போனின் பெயரே அன்றி ஆளின் பெயர் அன்று. ஆளுக்கொரு கணக்கும், வேலை முடிந்ததும் வெளியேறும் பழக்கமும் வந்த பிறகே மலைமேல் எங்கள் பதிவுகள் நம்பும்படி ஆயின.

ஏற்கெனவே உள்ள வரிசைகளுக்கு நெடுவரிசைகளைச் சேர்க்கும்போது, வெற்று மதிப்பை ஏற்காதபடி அமைத்தால் ஏதேனும் ஒரு பயனர் எண்ணை இடச் சொல்லி, அட்டவணை அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் கேட்கும். உடனே நிர்வாகியின் எண்ணைத் தட்டிவிடத் தோன்றும், அப்படிச் செய்யாமல் பழைய வரிசைகளில் வெற்றாகவே விடுங்கள். அந்த அம்மாவின் 15.8 கிலோ வரிசையில் மாற்றியவர் இடம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது.