அனிமேஷனின் தொடக்க வரலாறு: 7 நிமிட ஸ்லைடு உரை தயாரிக்கும் முறை

வகுப்பிலோ கருத்தரங்கிலோ "7 நிமிடம்தான், ஸ்லைடுகள் தானாக நகர வேண்டும்" என்று சொல்லிவிட்டால் முதல் முறை செய்பவர்கள் திணறுவார்கள். அனிமேஷன் வரலாறு இந்த வடிவத்துக்கு மிகவும் பொருந்தும் தலைப்பு. அதுவே நேரத்தை அளந்து உருவான கலைதானே!

முதலில் எல்லையை வரையுங்கள்

தாமட்ரோப் என்ற விளையாட்டுப் பொருள் வந்த 1825-ஐ ஒட்டித் தொடங்கி 1914-இல் நிறுத்துங்கள். 1914-இல் அமெரிக்க அனிமேஷன் கலைஞர் ஏர்ல் ஹர்ட் ஒளிபுகும் செல்லுலாய்டு தாளில் வரையும் முறைக்குக் காப்புரிமை கோரினார். அதன் பிறகு வருவது ஸ்டுடியோக்களின் கதை. மிக்கி மவுஸ் வந்த 1928 வரை இழுத்தால் 7 நிமிடத்தில் பெயர்களை மட்டும்தான் வாசிக்க முடியும்.

விநாடிகளைப் பங்கிடுங்கள்

7 நிமிடம் என்றால் 420 விநாடி. 380-க்கு மட்டும் திட்டமிடுங்கள், மீதி மூச்சு விட. எல்லா ஸ்லைடுக்கும் ஒரே நேரம் கொடுக்காதீர்கள். நான் இப்படிப் பிரிப்பேன்: அறிமுகம் 20, படத்தை அசைத்துக் காட்டிய விளையாட்டுப் பொருட்கள் 100, பிறகு நான்கு முன்னோடிகளான எமில் ரெய்னோவுக்கு 120, பிளாக்டனுக்கு 30, எமில் கோலுக்கு 50, வின்சர் மக்கேவுக்கு 60.

விளையாட்டுப் பொருட்கள் நான்கு, தலா 25 விநாடி. ஒரு பக்கம் பறவை, மறுபக்கம் கூண்டு வரைந்து நூலில் சுழற்றும் தாமட்ரோப். 1832-33-இல் பெல்ஜியத்தில் பிளாட்டோவும் வியன்னாவில் ஸ்டாம்ப்ஃபரும் தனித்தனியே கண்டுபிடித்த சுழல் வட்டு. 1834-இல் ஹார்னர் விவரித்த, பின்னாளில் ஜோட்ரோப் எனப்பட்ட, பிளவுகள் வழியே உள்ளே படம் பார்க்கும் உருளை. 1868-இல் லினெட் காப்புரிமை பெற்ற புரட்டுப் புத்தகம். இங்கே விளக்கத்தை விடச் சுழலும் ஜிஃப் படம் நன்றாகப் பேசும். "கண்ணில் பிம்பம் தங்கிவிடுவதால்தான் படம் அசைகிறது" என்ற பழைய வரியை மட்டும் போடாதீர்கள். மூளை அசைவை உணரும் விதமே காரணம் என்பது இன்றைய விளக்கம்.

ரெய்னோவுக்கு ஏன் 120 விநாடி?

அவரை ஒரே வரியில் கடந்துபோகும் உரைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை. 1877-இல் உருளையின் பிளவுகளை எடுத்துவிட்டு நடுவில் கண்ணாடிகளை வைத்தார். படம் பளிச்சென்று தெரிந்தது. அப்புறம் 1892 அக்டோபர் 28 அன்று, பாரிஸின் க்ரெவான் அருங்காட்சியகத்தில், கையால் வண்ணம் தீட்டிய நீண்ட படச்சுருளைத் திரையில் காட்டினார். சினிமாவைத் தொடங்கிவைத்தவர்களாகச் சொல்லப்படும் லூமியே சகோதரர்களின் கட்டணக் காட்சிக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே! அன்று ஓடிய, பியரோ என்ற கோமாளியின் கதைக்குச் சுமார் 500 படங்கள். ஒவ்வொரு காட்சியிலும் சுருளை அவரே கையால் முன்னும் பின்னும் நகர்த்திக் கதையை நீட்டினார். சினிமா வந்த பிறகு கூட்டம் குறைந்தது, 1900-இல் காட்சி நின்றது. பின்னாளில் மனம் உடைந்து, சுருள்களில் பெரும்பாலானவற்றைச் செயின் நதியில் எறிந்தார். இதைச் சொல்லும் ஸ்லைடில் எழுத்தே வேண்டாம். எஞ்சிய சுருளின் ஒரு படம் 30 விநாடி நிற்கட்டும்.

மற்ற மூவர்

பிளாக்டனின் 1906 கரும்பலகைப் படத்துக்குச் சின்னத் துணுக்கு போதும். கோலின் 1908 படம் சுமார் 700 ஓவியங்களால் ஆனது. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு வரைந்து நெகட்டிவாக அச்சிட்டதால் கரும்பலகை போலத் தெரிகிறது என்பதைச் சொல்லுங்கள். மக்கேயின் 1914 படத்தில் வரும் டைனோசர் கெர்ட்டி உங்களுக்கு நேரடிப் பாடம். அவர் மேடையில் நின்று கட்டளையிட, திரையில் கெர்ட்டி தலை வணங்கும். படம் அவருக்காகக் காத்திருக்காது. அவர் பேச்சுதான் படத்தின் விநாடிக்கு இசைய வேண்டும். நீங்கள் செய்யப்போவதும் அதையேதான்.

பவர்பாயின்டில் நேரம் அமைத்தல்

டிரான்சிஷன்ஸ் பகுதியில் 'ஆன் மவுஸ் கிளிக்' குறியை எடுத்துவிட்டு, 'ஆஃப்டர்' பெட்டியில் அந்த ஸ்லைடுக்கான விநாடியை இடுங்கள். வீடியோத் துணுக்கு ஸ்லைடின் நேரத்தை விட நீளமாக இருந்தால் 'ட்ரிம் வீடியோ'வில் வெட்டிவிட்டு, 'ஆட்டோமேட்டிக்கலி' தொடங்குமாறு வையுங்கள். கடைசி ஸ்லைடுக்கு நேரமே வேண்டாம், கேள்விகள் முடியும்வரை அது நிற்கட்டும்.

பேச்சைப் பொருத்துங்கள்

நிதானமாகப் பேசினால் 20 விநாடிக்கு ஏறக்குறைய 30 தமிழ்ச் சொற்கள் சரியாக இருக்கும். எழுதி, சத்தமாக வாசித்து, கைபேசியில் நேரம் பாருங்கள். ஒரு ஸ்லைடில் பிந்திவிட்டால் வேகமாகப் பேசித் துரத்தாதீர்கள். அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். விடக்கூடிய வாக்கியங்களை முன்பே அடிக்கோடிட்டு வைத்தால் மேடையில் பதற்றம் இருக்காது.

அரங்கின் கணினியில் ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். தமிழ் எழுத்துரு அங்கே இல்லாமல் கட்டங்களாகத் தெரிய வாய்ப்புண்டு. சேமிக்கும்போதே எழுத்துருவைக் கோப்புடன் இணைத்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.