கஞ்சா சட்ட மனுவை வாக்குச்சீட்டு வரை கொண்டுசேர்ப்பது எப்படி?

அமெரிக்காவில் 2012 நவம்பரில் கொலராடோவும் வாஷிங்டனும் பெரியவர்கள் கஞ்சா வைத்திருப்பதைச் சட்டபூர்வமாக்கின. இரண்டுமே குடிமக்கள் மனு எழுதி, கையெழுத்துத் திரட்டி, வாக்குச்சீட்டில் ஏற்றி வென்றவை. எல்லா மாநிலத்திலும் இந்த வழி கிடையாது. நியூயார்க், டெக்சாஸ், பென்சில்வேனியாவில் மாநில அளவில் குடிமக்கள் முன்மொழிவே இல்லை. அங்கே சட்டமன்றத்தைத்தான் நாட வேண்டும். உங்கள் மாநிலத்தில் உண்டு என்றால், ஒன்றை மனதில் வையுங்கள். மனுக்கள் தேர்தல் நாளில் மட்டும் தோற்பதில்லை. பல மனுக்கள் அதற்கு முன்பே வாசகத்தால், தாளில் உள்ள பிழையால், தேதியால் செத்துப்போகின்றன.

முதல் முடிவு: சாதாரணச் சட்டமா, அரசியலமைப்புத் திருத்தமா? சட்டத்துக்குப் பொதுவாகக் குறைவான கையெழுத்து போதும். ஆனால் சட்டமன்றம் பிறகு அதில் கை வைக்கலாம். ஓஹாயோவில் 2023 நவம்பரில் மக்கள் ஏற்ற சட்டம் டிசம்பரில் அமலுக்கு வருவதற்குள்ளேயே, அதை மாற்றும் மசோதாவை மாநில செனட் (மேலவை) நிறைவேற்றிவிட்டது. கீழவை ஒத்துப்போகாததால் அப்போதைக்குத் தப்பியது. திருத்தம் உறுதியானது, ஆனால் ஏறுவது கடினம். ஃப்ளோரிடாவில் திருத்தத்துக்கு 60 சதவீதம் வேண்டும். 2024-ல் கிட்டத்தட்ட 56 சதவீதம் பேர் ஆதரித்தும் கஞ்சா மனு தோற்றது. கருத்துக்கணிப்பில் ஆதரவு 60-ஐத் தெளிவாகத் தாண்டாத நிலையில் அங்கே இறங்குவது பணத்தைக் கரைப்பதுதான்.

அடுத்தது வாசகம். பல மாநிலங்களில் ‘ஒரே பொருள்’ விதி உண்டு. ஒரு மனுவில் ஒரு விஷயம்தான் இருக்கலாம். தெற்கு டகோட்டாவில் 2020-ல் 54 சதவீதம் பேர் ஏற்ற திருத்தம், பொதுப் பயன்பாட்டுக் கஞ்சா, மருத்துவக் கஞ்சா, தொழிற்சணல் (போதை தராத கஞ்சா வகை) மூன்றையும் ஒன்றாகக் கட்டியிருந்தது. 2021-ல் மாநில உச்ச நீதிமன்றம் முழுவதையும் ரத்து செய்தது. ஆதரவாளர்களுக்குப் பிடித்ததையெல்லாம் உள்ளே திணிக்காதீர்கள். வயது (21), கையில் வைத்திருக்கும் அளவு (கொலராடோவின் 2012 மனுவில் ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம்), வீட்டில் வளர்க்கும் செடிகளின் எண்ணிக்கை, கலால் வரி, உரிமம், ஊராட்சிகள் கடையை மறுக்கும் உரிமை ஆகியவை போதும். உரிமம் யாருக்கு என்பதில் கூடுதல் கவனம் வேண்டும். ஓஹாயோவின் 2015 மனு வணிகச் சாகுபடியைப் பத்தே இடங்களுக்கு ஒதுக்கியது. அதற்குப் பணம் போட்டவர்களுக்கே அந்த இடங்கள் என்று தெரிந்ததும், சட்டபூர்வமாக்கலை ஆதரித்தவர்களில் பலரே எதிர்த்து வாக்களித்தார்கள்.

வாக்குச்சீட்டில் வரும் சுருக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். ஃப்ளோரிடாவில் அதற்கு 75 வார்த்தைதான். கூட்டரசுச் சட்டப்படி கஞ்சா இன்னும் குற்றம் என்பதைச் சுருக்கம் சரியாகச் சொல்லவில்லை என்று 2021-ல் அங்கே ஒரு மனுவையே நீதிமன்றம் தள்ளியது. மாநிலச் சட்டம் மட்டுமே மாறுகிறது என்பது அந்தச் சுருக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இனி கையெழுத்து. இங்கேதான் உழைப்பு முழுவதும் போகும். ஒரு தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெயர், முகவரி, தேதி, கையெழுத்து என்று ஒரு வரி. வாக்காளர் பட்டியலில் பழைய முகவரி இருக்க, புது வாடகை வீட்டு முகவரியை எழுதியிருப்பார். சில மாநிலங்களில் அதுவே செல்லாது. மனைவிக்கும் சேர்த்துக் கணவர் போட்ட கையெழுத்து செல்லாது. ஓஹாயோவில் ஒரு தாளில் ஒரே கவுண்டிக்காரர்கள்தான் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) இருக்கலாம். பக்கத்துக் கவுண்டிக்காரர் போட்டால் அந்த வரி வீண். தாளின் அடியில் கையெழுத்து வாங்கியவர் தரும் உறுதிமொழி இன்னும் ஆபத்தானது. வரிகள் நிரம்பும் முன்பே அவர் அதில் கையெழுத்திட்டுவிட்டாலோ, எண்ணிக்கையைக் குறைத்து எழுதிவிட்டாலோ, நல்ல கையெழுத்துகளோடு முழுத் தாளும் போய்விடும். அதனால் தாள்கள் வந்த அன்றே வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாரக் கடைசிக்கு ஒத்திப்போட்டால், யார் தவறாக வாங்குகிறார் என்று தெரிவதற்குள் இன்னும் சில நூறு வரிகள் கெட்டிருக்கும்.

எவ்வளவு அதிகம் வாங்குவது? முப்பது சதவீதம் கழியும் என்று கணக்குப் போடுவது வழக்கம். அது போதாமல் போகலாம். 2023-ல் ஓஹாயோவில் தேவைப்பட்டது 1,24,046. கொடுத்தது 2,22,000-க்கும் மேல். செல்லுபடியானது 1,23,367, ஏறக்குறைய பாதி கழிந்துவிட்டது. மொத்த எண்ணிக்கையோடு பரப்பும் வேண்டும்: 88 கவுண்டிகளில் 44-ல், ஒவ்வொன்றிலும் கடைசி ஆளுநர் தேர்தல் வாக்குகளில் ஒன்றரை சதவீதம். பெருநகரங்களில் மட்டும் நின்றால் எண்ணிக்கை வரும், கவுண்டி வராது. சிறு கவுண்டிகளை முதல் மாதமே தொடங்கிவிடுங்கள்.

கூலிக்கு ஆள் வைக்கலாம். அதைத் தடுக்கக் கூடாது என்று கூட்டரசு உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. ஆனால் ஒரிகன், ஃப்ளோரிடா போன்ற இடங்களில் கையெழுத்துக்கு இவ்வளவு என்று கொடுக்க முடியாது. மணிக்கு இவ்வளவு என்றோ சம்பளமாகவோதான் கொடுக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு ஒன்று. பொதுவாகப் பதிவு பெற்ற வாக்காளர் மட்டுமே கையெழுத்திட முடியும். க்ரீன் கார்டு, எச்-1பி வைத்திருப்பவர் ஆர்வத்தில் கூடப் போடக் கூடாது. மாநிலத்தில் சட்டம் வென்ற பிறகும், கஞ்சாத் தொழிலில் வேலை பார்ப்பதே குடியுரிமை விண்ணப்பத்தைக் கெடுக்கலாம் என்று குடிவரவுத் துறை 2019-ல் தெளிவாக்கியிருக்கிறது.

நாட்காட்டியைத் தேர்தல் நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்: சரிபார்ப்பு, எதிர்ப்பு வழக்கு, வாக்குச்சீட்டு அச்சு. ஓக்லஹாமாவில் கையெழுத்து திரட்ட 90 நாள்தான். அங்கே 2022-ல் போதிய கையெழுத்து கிடைத்தும், சரிபார்ப்பு இழுத்ததால் நவம்பர் வாக்குச்சீட்டு தவறியது. 2023 மார்ச் 7-ல் தனித் தேர்தலாக நடந்து, சுமார் 62 சதவீதம் எதிர்வாக்கில் தோற்றது.

மனுவைக் கொடுத்த மறுநாள் ஆட்களை அனுப்பிவிடாதீர்கள். சில மாநிலங்கள் குறையை நிரப்ப அவகாசம் தருகின்றன. மேலே சொன்ன 2023 ஓஹாயோ மனுவில் 679 கையெழுத்து குறைவாக இருந்தது. அதை நிரப்பக் கிடைத்தது பத்து நாள். அந்தப் பத்து நாளுக்குள் ஆயிரக்கணக்கில் திரட்டிக் கொடுத்தார்கள். நவம்பரில் 57 சதவீதத்தோடு நிறைவேறியது. வெற்றுத் தாள்கள், பயிற்சி பெற்ற ஆட்கள், இரண்டு வாரச் செலவுக்குப் பணம் மூன்றையும் சரிபார்ப்பு முடிவு வரும்வரை தனியே ஒதுக்கி வையுங்கள்.